பதின்ம வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடுமா?

கேள்வி இதுதான்: 13 வயது மகன் எடைப் பயிற்சி செய்ய ஆசைப்படுகிறான். வீட்டுப் பெரியவர்களோ, வளர்கிற வயதில் பாரம் தூக்கினால் எலும்பு அமுங்கிப்போகும், உயரம் அத்தோடு நின்றுவிடும் என்று தடுக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று பெற்றோர் தயங்குகிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவரம் தெரிந்த ஒருவரின் கண்காணிப்பில், பிள்ளையின் உடல் தாங்கக்கூடிய எடையோடு, முறை பிசகாமல் செய்யப்படும் எடைப் பயிற்சி உயரத்தைக் குறைப்பதில்லை. சிறுவர்களை வைத்து நடத்தப்பட்ட பயிற்சி ஆய்வுகளில் அப்படியொரு குறைவு காணப்படவில்லை. ஆனாலும் பெரியவர்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வளரும் எலும்பில் காயப்படக்கூடிய ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறது. உயரத்தைத் திருடக்கூடிய சில பழக்கங்களும் ஜிம்மைச் சுற்றி உண்மையிலேயே இருக்கின்றன. அச்சம் சரியான இடத்தில் வைக்கப்படவில்லை என்பதுதான் குறை. எங்கே பயப்பட வேண்டும், எங்கே பயப்படத் தேவையில்லை என்பதைப் பிரித்துக் காட்டுவதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் சொற்களால் வருவது. எடைப் பயிற்சி என்பது தசையை வலுவாக்குவதற்காக ஏதேனும் ஓர் எதிர்ப்பை மீறி உழைப்பது. அந்த எதிர்ப்பு டம்பெல்லாக இருக்கலாம், ரப்பர் பட்டையாக இருக்கலாம், தண்டால் எடுக்கும்போது போலச் சொந்த உடலின் எடையாகவே இருக்கலாம். பளுதூக்குதல் என்பது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்ற இரண்டு தூக்குகளைக் கொண்ட ஒலிம்பிக் விளையாட்டு. வலுதூக்குதல் என்பது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய மூன்றிலும் ஒரே ஒருமுறை தூக்க முடிகிற உச்ச எடையைப் பார்க்கும் போட்டி. உடற்கட்டுப் போட்டியிலோ எடை ஒரு கருவி மட்டுமே, தசையின் பருமனும் வடிவமுமே இலக்கு. மருத்துவர் ஒருவர் எடைப் பயிற்சி பிள்ளைகளுக்கு நல்லது என்று சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது முதலாவது. அதைக் கேட்டுப் பதறும் தாத்தாவின் மனத்தில் இருப்பது மற்ற மூன்றில் ஒன்று.

உயரம் எங்கே உருவாகிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதாக விளங்கும். தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். அதிலுள்ள செல்கள் பிரிந்து பெருகி, அடுக்கி வைத்த நாணயங்களைப் போல வரிசை கட்டி நின்று, பிறகு உப்பிப் பெருத்து, கடைசியில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாக மாறுகின்றன. ஒரு பக்கம் புதிய குருத்தெலும்பு பிறந்துகொண்டும், மறுபக்கம் பழையது எலும்பாகிக்கொண்டும் இருப்பதால் எலும்பு நீள்கிறது. கால்களின் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலை அடுத்துள்ள இரண்டு தட்டுகளில் நடக்கிறது. தொடை எலும்பின் கீழ்முனைத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 9 முதல் 10 மி.மீ., கீழ்க்கால் எலும்பின் மேல்முனைத் தட்டு சுமார் 6 மி.மீ. சேர்க்கின்றன. பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்தக் கணக்கில் 13 வயது மகன் இப்போது அந்த வேகத்தின் வாசலில் நிற்கிறான்.

இந்தத் தட்டு எப்போது மூட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உடலுக்குள் சுரக்கும் ஹார்மோன். தோளில் வைக்கும் பாரம் அன்று. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக, தட்டை மூடுவது பெண் ஹார்மோன் என்று அறியப்படும் ஈஸ்ட்ரோஜன். ஆண்களின் உடலிலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது, அதுவே அவர்களின் எலும்பு வளர்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. இதை ஐயமின்றிக் காட்டியது 1994இல் மருத்துவ இதழில் வெளியான ஒரே ஒரு மனிதரின் கதை. அவருக்கு 28 வயது. மரபணுப் பிழையால் ஈஸ்ட்ரோஜனை அவருடைய செல்கள் உணரவே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தும் அவருடைய வளர்ச்சித் தட்டுகள் திறந்தே இருந்தன, 204 செ.மீ. உயரத்தைத் தொட்ட பிறகும் அவர் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தார். இந்த ஈஸ்ட்ரோஜன் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் இது தேவைப்படும்.

எவ்வளவு உயரம் என்பதில் மரபின் பங்கு மிகப் பெரியது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், நல்ல ஊட்டம் கிடைக்கும் சமூகங்களில், மனிதர்களுக்கிடையிலான உயர வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபால் வருவதாகக் கணிக்கின்றன. 2022இல் 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை ஒப்பிட்ட ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் அதிகமான மரபணு வேறுபாடுகளை அடையாளம் கண்டது. மீதி ஊட்டம், நோய், தூக்கம் போன்றவற்றின் கையில் இருக்கிறது.

அப்படியானால் அழுத்தம் என்ற ஒன்றுக்கு எலும்பு வளர்ச்சியில் பங்கே இல்லையா என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. எலும்பு மருத்துவத்தின் பழைய விதி ஒன்று அவர் பக்கம் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹூட்டர், ஃபோல்க்மன் என்ற இரண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர்கள் கண்டறிந்த அந்த விதி, வளர்ச்சித் தட்டின் மீது விடாமல் அழுத்தம் இருந்தால் வளர்ச்சி மட்டுப்படும் என்கிறது. இது ஏட்டோடு நின்றுவிட்ட விதியும் அன்று. ஒரு கால் மற்றொன்றை விட நீளமாக வளரும் பிள்ளைகளுக்கு, நீளும் காலின் முழங்கால் அருகே உலோகக் கவ்விகளைப் பொருத்தி அந்தத் தட்டை மட்டும் அடக்கி வைக்கும் அறுவை முறையை 1949இல் வால்டர் பிளவுன்ட் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். அதன் திருத்திய வடிவங்கள் இன்றும் பயன்படுகின்றன. ஆக, அழுத்தத்தால் வளர்ச்சியைக் குறைக்க முடியும் என்பது உண்மையே.

ஆனால் அந்தக் கவ்வி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது இரவும் பகலும், உறங்கும்போதும், மாதக் கணக்கில், சில நேரம் ஆண்டுக் கணக்கில் தட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி செய்யும் ஒரு பையனின் எலும்பு, உண்மையில் எடையைச் சுமக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும், வாரத்துக்கு 30 நிமிடம். ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் இருக்கின்றன. எஞ்சிய 10,050 நிமிடங்களில் அந்தத் தட்டு தன் வழக்கமான வேலையைப் பார்க்கிறது. மேலும், விட்டுவிட்டு வரும் சுமை எலும்புக்குப் புதியதுமன்று. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலின் மீது இறங்குகிறது. உயரத்திலிருந்து குதித்து இறங்கும்போது அது இன்னும் பல மடங்காகிறது. பிள்ளை ஓடுவதையும் குதிப்பதையும் உயரம் நின்றுவிடும் என்று யாரும் தடுப்பதில்லை. அளவான எடையோடு, நிதானமாக உட்கார்ந்து எழும் ஒரு ஸ்குவாட்டில் முழங்கால் தட்டு சந்திக்கும் விசை, மாலை நேர விளையாட்டில் அது ஏற்கெனவே சந்தித்துக்கொண்டிருப்பதுதான்.

பாரம் தூக்கினால் குட்டையாகிறோம் என்ற எண்ணத்துக்கு அன்றாட அனுபவம் ஒன்றும் தூண்டுகோலாக இருந்திருக்கக்கூடும். காலையில் எழுந்ததும் அளந்த உயரத்தை விட மாலையில் அளக்கும் உயரம் ஒரு செ.மீ. அளவுக்குக் குறைவாக இருக்கும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் இருக்கும் நீர், நாள் முழுக்க நிற்பதாலும் நடப்பதாலும் சற்றுப் பிழியப்படுவதே காரணம். எடை தூக்கிய உடனே அளந்தாலும் இந்தக் குறைவு தெரியும். இரவு படுத்து எழுந்தால் வட்டுகள் மறுபடி நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. வளர்ச்சித் தட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த அச்சம் எழுத்தில் இடம்பெற்ற வரலாறும் இருக்கிறது. 1964இல் டோக்கியோவில் நடந்த விளையாட்டு அறிவியல் மாநாட்டில், ஜப்பானின் ஒதுக்குப்புறப் பகுதிகளில் கடும் உடலுழைப்பில் ஈடுபட்ட சிறுவர்களின் எலும்பு வளர்ச்சி தடைபட்டிருப்பதாக ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. அது மேற்கோளாகப் பல இடங்களுக்கும் பரவியது. ஆனால் நாள் முழுக்கச் சுமை சுமந்து, உண்ணப் போதாமல், ஓய்வில்லாமல் வாடிய பிள்ளையின் குறைந்த உயரத்துக்குச் சுமை மட்டுமே காரணம் என்று அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது. குழந்தை உழைப்பு ஒரு பிள்ளைக்கு இழைக்கும் கொடுமையையும், அரை மணி நேரம் கற்றுச் செய்யும் பயிற்சியையும் ஒரே தட்டில் வைப்பது அந்தப் பிள்ளைகளின் துன்பத்தையும் சிறுமைப்படுத்துவதாகும் என்பது என் கருத்து. அதன் பிறகு 1970களிலும் 80களிலும், பதின்ம வயதுப் பளுதூக்குவோருக்கு மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டில் முறிவு ஏற்பட்ட சில நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாயின. அவை உண்மையான காயங்கள். அவற்றுக்குக் கீழே வருகிறேன்.

பளுதூக்கும் வீரர்கள் குட்டையாக இருக்கிறார்களே என்ற கேள்வி எப்போதும் எழும். துருக்கிக்காக 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற நயீம் சுலைமானொக்லு 147 செ.மீ. உயரமே இருந்தார், பதின்ம வயதிலேயே உலக சாதனை படைத்தவர். இதைப் பார்த்தவுடன் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடத் தோன்றும். அந்த விளையாட்டில் உடல் எடைப் பிரிவுகள் உண்டு. ஒரே எடையுள்ள இருவரில் குட்டையானவர் கூடுதல் தசையோடு இருப்பார். பாரத்தை அவர் குறைந்த தூரம் உயர்த்தினால் போதும். எனவே சிறிய எடைப் பிரிவுகளில் குட்டையானவர்கள் வென்று நிலைத்து நிற்கிறார்கள், நெடியவர்கள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறார்கள். எடைக்கு மேல்வரம்பு இல்லாத பிரிவைப் பாருங்கள்: ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே 197 செ.மீ. உயரம். அதே பாரம், அதே பயிற்சி. கூடைப்பந்து ஆடுவதால் யாரும் நெடியவராவதில்லை, நெடியவர்கள் கூடைப்பந்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதை எல்லாரும் ஏற்கிறோம். இங்கும் நடப்பது அதே தேர்வுதான்.

ஆய்வுகளுக்கு வருவோம். 2006இல் ராபர்ட் மலினா என்ற வளர்ச்சியியல் அறிஞர், சிறுவர் சிறுமியருக்கு எடைப் பயிற்சி அளித்து நடத்தப்பட்ட 22 ஆய்வுகளைத் தொகுத்து அலசினார். கண்காணிப்போடு நடந்த பயிற்சிகள் உயர வளர்ச்சியையோ எடை வளர்ச்சியையோ பாதிக்கவில்லை என்பது அவர் முடிவு. காயங்கள் மிகச் சிலவே நேர்ந்திருந்தன. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில மாதங்களே நடந்தவை என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் 2001இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று, 9, 10 வயதுச் சிறுவர்களுக்கு இரண்டு பள்ளி ஆண்டுகள் தொடர்ந்து பயிற்சி அளித்தது. அவர்களும் பயிற்சியில் சேராத சிறுவர்களும் உயர வளர்ச்சியில் வேறுபடவில்லை. 2014இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையும், 2020இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வெளியிட்ட மருத்துவ அறிக்கையும் இதே முடிவையே சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போய், 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்களில் வாரத்துக்குக் குறைந்தது மூன்று நாள் ஈடுபட வேண்டும் என்று 2020 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது.

எலும்பைப் பொறுத்தவரை எடைப் பயிற்சி நன்மையே செய்கிறது என்பதற்கும் சான்று உண்டு. உயரம் மிக வேகமாகக் கூடும் காலத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில், வளர்ந்த மனிதரின் எலும்பில் இருக்கும் தாதுச் சத்தில் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. முதுமையில் எலும்பு நொறுங்காமல் இருப்பதற்கான சேமிப்பு பெரும்பாலும் இந்த வயதில்தான் நடக்கிறது. சுமை தாங்கும் எலும்பு கூடுதலாகச் சேமிக்கும். சராசரி 17 வயதுடைய தேர்ந்த இளம் பளுதூக்கும் வீரர்களை அதே வயதினரோடு ஒப்பிட்டபோது அவர்களின் எலும்பு அடர்த்தி தெளிவாக அதிகமாக இருந்தது.

இனி, உண்மையாகவே பயப்பட வேண்டிய இடங்கள். வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பாக இருப்பதால், வளரும் பிள்ளையின் மூட்டில் அதுவே பலவீனமான புள்ளி. வளர்ந்தவருக்குத் தசைநார் கிழியும் இடத்தில் பிள்ளைக்குத் தட்டு பிளக்கக்கூடும். பிள்ளைகளுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகளில் 15 முதல் 30 சதவீதம் இந்தத் தட்டைத் தொடுபவை. 1963இல் டொராண்டோவின் சால்ட்டர், ஹாரிஸ் என்ற இரு மருத்துவர்கள் இவற்றை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் மருத்துவர்கள் அந்தப் பிரிவினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலானவை உரிய நேரத்தில் சரிசெய்தால் வளர்ச்சியைக் கெடுக்காமல் ஆறிவிடும். தட்டு நசுங்கினாலோ, தட்டின் குறுக்கே எலும்புப் பாலம் உருவானாலோ அந்த ஒரு எலும்பு குறுகலாம் அல்லது கோணலாக வளரலாம். இங்கே கவனிக்க வேண்டியது, அப்படி நேர்ந்தாலும் பாதிக்கப்படுவது அடிபட்ட அந்த எலும்புதான். உடல் முழுவதும் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை.

உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எலும்பு முதலில் நீள்கிறது, தாதுச் சத்து சேர்வது சில மாதங்கள் பின்தங்கி வருகிறது. அந்த இடைவெளியில் எலும்பு சற்று வலுக்குறைந்தே இருக்கும். முன்கை முறிவுகள் இந்த வயதில் அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணம். கை கால்கள் திடீரென நீண்டுவிடுவதால் பிள்ளையின் அசைவும் சிலகாலம் தடுமாறும். சென்ற மாதம் அழகாகச் செய்த ஸ்குவாட் இந்த மாதம் கோணலாகும். நல்ல பயிற்சியாளர் இதைச் சோம்பல் என்று திட்டாமல், எடையைக் குறைத்து அசைவை மறுபடி கற்றுக்கொடுப்பார்.

காயங்கள் எப்படி வருகின்றன என்பதைப் பார்த்தால் தீர்வும் அதற்குள்ளேயே இருக்கிறது. மணிக்கட்டுத் தட்டு முறிந்த அந்தப் பழைய நிகழ்வுகளில் மீண்டும் மீண்டும் வருவது, தாங்க முடியாத எடையைத் தலைக்கு மேல் தூக்க முயன்று கட்டுப்பாட்டை இழந்த காட்சி. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், 8 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எடைக் கருவிகளால் வந்த காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு கையிலும் காலடியிலும் ஏற்பட்டவை. எடையைக் கீழே போட்டுக்கொண்டது, விரல் நசுங்கியது போன்றவையே முதன்மைக் காரணங்கள். இவை பயிற்சியால் வந்த காயங்கள் என்பதைவிட, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வந்த காயங்கள் என்பதே பொருந்தும். பிரிட்டனில் 1994இல் வெளியான ஒப்பீட்டில், 100 மணி நேரத்துக்கு எடைப் பயிற்சியில் 0.0035, பளுதூக்குதலில் 0.0017, பள்ளி மாணவர் கால்பந்தில் 6.2 என்று காயங்களின் விகிதம் கணக்கிடப்பட்டது. இந்த எண்களை அப்படியே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். கணக்கெடுத்த முறைகள் வெவ்வேறானவை, வேறு ஆய்வுகளில் எடைப் பயிற்சியின் விகிதம் இதைவிட உயர்ந்தும் வந்திருக்கிறது. ஆனால் எந்தக் கணக்கிலும், பிள்ளைகளைத் தயக்கமின்றி அனுப்பும் பல விளையாட்டுகளை விட இது ஆபத்தானதாக வரவில்லை.

இப்போது அந்த ஈஸ்ட்ரோஜன் செய்திக்குத் திரும்புகிறேன், ஏனெனில் என் முழுப் பதிலிலும் பெற்றோர் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். தசையைப் பெருக்குவதற்காகச் சிலர் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மருந்துகளான அனபாலிக் ஸ்டீராய்டுகள் உயரத்தை உண்மையாகவே நிறுத்திவிடக்கூடும். டெஸ்டோஸ்டிரோனும் அதன் செயற்கை உறவுகள் பலவும் உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகின்றன. வளரும் பிள்ளையின் உடலில் அது அளவுக்கு மீறிச் சேரும்போது வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிவிடுகின்றன. மூடிய தட்டை மறுபடி திறக்க எந்த மருந்தும் இல்லை. இதில் ஏமாற்றக்கூடிய ஒரு கட்டம் இருக்கிறது: தொடக்கத்தில் பையன் விறுவிறுவென்று வளர்வதுபோலத் தெரியலாம், தசையும் பெருகும், வீட்டில் எல்லாரும் மகிழ்வார்கள்; அதற்குப் பிறகு வளர்ச்சி சட்டென்று நின்றுவிடும். தசை வளர்ச்சிக்கு என்று விற்கப்படும் சில பொடிகளிலும் மாத்திரைகளிலும், உறையில் குறிப்பிடாமலே ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருப்பது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஆகவே உங்கள் மகன் எவ்வளவு எடை தூக்குகிறான் என்று கேட்பதற்கு முன், அவனுக்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். வளரும் பிள்ளையிடம் ஊசியையோ பெயர் தெரியாத மாத்திரையையோ நீட்டும் இடத்துக்கு அவன் மறுநாள் போகக் கூடாது.

அடுத்த திருடன் பசி. எடைப் பிரிவுக்குள் அடங்குவதற்காகவோ, வயிற்றுத் தசை தெரிய வேண்டும் என்பதற்காகவோ, கடுமையாகப் பயிற்சி செய்துகொண்டே உணவைக் குறைக்கும் பிள்ளையின் உடல், உயிர் வாழ அவசியமில்லாத செலவுகளை முதலில் வெட்டும். உயரம் அப்படிப்பட்ட ஒரு செலவு. பருவமடைதல் தள்ளிப்போகும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறும் அல்லது நின்றுபோகும், எலும்பு மெலியும். இங்கே குற்றவாளி பாரம் அன்று, பற்றாக்குறை. தூக்கமும் இதோடு சேர்ந்தது. வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த உறக்கத்தில்தான் பெருமளவில் சுரக்கிறது, 13 முதல் 18 வயது வரை இரவில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். விடியற்காலைப் பயிற்சிக்காக அந்த உறக்கத்தை வெட்டுவது நல்ல பேரம் ஆகாது.

எப்படித் தொடங்குவது என்பதைப் பற்றி. சொன்னதைக் கேட்டு, பொறுமையாகச் செய்து காட்டும் பக்குவம் வந்துவிட்டால் 7, 8 வயதிலேயே தொடங்கலாம் என்கிறார்கள். 13 வயது அதற்குத் தாமதமும் இல்லை, அவசரமும் இல்லை. முதல் சில வாரங்கள் சொந்த உடல் எடையும் வெறும் குச்சியும் போதும். உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடித்துக் குனிவது, தள்ளுவது, இழுப்பது ஆகிய அடிப்படை அசைவுகள் கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் பிசகாத அளவுக்குப் பழகட்டும். பிறகு 10 முதல் 15 முறை நிதானமாகச் செய்யக்கூடிய இலேசான எடை, ஒன்று அல்லது இரண்டு சுற்று, வாரத்தில் அடுத்தடுத்து வராத இரண்டு அல்லது மூன்று நாட்கள். கடைசி முறையும் முதல் முறையைப் போலவே ஒழுங்காக இருந்தால் மட்டும் எடையை 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம். உச்ச எடையை ஒரே முறை தூக்கிப் பார்க்கும் சோதனையை நண்பர்களோடு போட்டிக்காகச் செய்வது கூடவே கூடாது. பெரியவர்களின் அளவுக்கு அமைக்கப்பட்ட இயந்திரங்களில் சிறு உடல் பொருந்தாது என்பதால், டம்பெல்லும் ரப்பர் பட்டையும் பெரும்பாலும் மேலானவை. நான் பயிற்சி அளித்த பிள்ளைகளில், முதல் மாதம் எடையே தராததற்காகக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அந்த மாதத்தை ஒழுங்காகக் கடந்தவர்கள் பிறகு காயமின்றி நீடித்தார்கள்.

பருவமடையாத பிள்ளைக்கு வலு கூடும், தசை பெரிதாகாது என்பதையும் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வயதில் வலு கூடுவதற்குக் காரணம், நரம்பு மண்டலம் இருக்கும் தசை இழைகளை ஒருங்கே இயக்கக் கற்றுக்கொள்வது. இரண்டு, மூன்று மாதங்களில் வலு 30 சதவீதம் வரை கூடியும் கை பருக்காமல் இருப்பது முற்றிலும் இயல்பு. இதைத் தெரியாத பையன்தான் ஏமாற்றமடைந்து குறுக்கு வழி தேடுகிறான்.

சில பிள்ளைகள் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது: கட்டுக்குள் வராத உயர் இரத்த அழுத்தம் அல்லது வலிப்பு உள்ளவர்கள், இதயத் தசை தடித்திருப்பவர்கள், மார்ஃபான் என்ற மரபு நோயால் பெருந்தமனி விரிந்திருப்பவர்கள், புற்றுநோய்க்காக இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகளை எடுத்துக்கொண்டவர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கும்போது இரத்த அழுத்தம் ஒரு கணம் மிக உயர்வதே இதற்குக் காரணம்; மற்ற பிள்ளைகளுக்கும் தூக்கும்போது மூச்சை வெளிவிடக் கற்றுக்கொடுப்பது நல்ல பழக்கம்.

பயிற்சிக்கு மறுநாள் தசையில் வரும் பரவலான வலிக்குக் கவலைப்பட வேண்டியதில்லை; அது இரண்டு, மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்கு அருகில், எலும்பின் மீது விரலை வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிப்பது, வீங்குவது, நொண்டுவது, இரவில் விழிக்க வைக்கும் வலி, முதுகைப் பின்னே வளைக்கும்போது இடுப்பில் வரும் விடாத வலி ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வளர்ச்சித் தட்டில் ஏற்படும் சில பிளவுகள் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், ஆகவே படம் சுத்தமாக இருந்தும் வலி தொடர்ந்தால் மறுபடி காட்ட வேண்டும்.

உயரத்தைப் பற்றிய கவலை மனத்தில் இருந்துகொண்டே இருந்தால் அதை அளந்து பார்ப்பதே வழி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலை நேரத்தில், செருப்பில்லாமல், அதே சுவரில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். பருவமடைவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 செ.மீ. அளவிலும், வேகம் பிடிக்கும் காலத்தில் ஆண் பிள்ளைக்கு 9, 10 செ.மீ. அளவிலும் வளர்ச்சி இருக்கும். எதிர்பார்க்கும் உயரத்தைத் தோராயமாகக் கணிக்க, தாய் தந்தை இருவர் உயரத்தையும் கூட்டி, மகனென்றால் 13 செ.மீ. சேர்த்து, மகளென்றால் 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுக்கலாம். அதிலிருந்து 8 செ.மீ. வரை ஏறியோ இறங்கியோ இருப்பது இயல்பு. ஓர் ஆண்டில் 4 செ.மீ. கூட ஏறவில்லை என்றாலோ, 14 வயதாகியும் பருவமடைவதற்கான அறிகுறி தொடங்கவில்லை என்றாலோ குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார், தைராய்டையும் ஊட்டத்தையும் சோதிப்பார். அப்போது மகன் செய்யும் பயிற்சியையும், உண்ணும் உணவையும், வாங்கிய பொடி ஏதேனும் இருந்தால் அதன் உறையையும் சேர்த்துக் காட்டுங்கள்.